மீன்தொட்டிப் படத்துக்கு ஆட்டோ போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், வீட்டில் வைத்திருக்கும் கடல்நீர் மீன்தொட்டியைப் படம் எடுத்தால் எல்லாமே நீலமாக வருகிறதே, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். "கேமராவை ஆட்டோவில் வையுங்கள், ஃபிளாஷ் போடுங்கள், நிறத்தைப் பிறகு செயலியில் சரிசெய்துகொள்ளலாம்" என்று பதில் வந்திருந்தது. வெள்ளை விளக்கு எரியும் நன்னீர்த் தொட்டிக்கு அந்தப் பதில் ஓரளவு உதவும். பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு உதவாது. ஏன் உதவாது, கேட்டவர் என்ன செய்தால் படம் வரும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருப்பவள். வீட்டில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. ஒரு ஜோடி கோமாளி மீன், அவை குடியிருக்கும் அனிமோன் என்ற, பூப்போலக் கைகள் விரித்த கடல் உயிரி, மணலில் குழி பறித்து வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் மஞ்சள் கோபி ஒன்று, சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் துப்புரவு இறால், பாறையில் ஹேமர் பவளமும், ஸோவாந்தஸ் என்ற பவள உறவுக்கார உயிரிகளின் கூட்டமும். எங்கள் வேலையில் முதலில் மனதில் பதிய வைப்பது ஒன்றுதான்: போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறார்கள், அதனால் தூரமும் கோணமும் இயந்திரத்தின் அளவுகளும் இஷ்டத்துக்கு மாறக் கூடாது. தொட்டிப் படத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அழகாக இருக்க வேண்டும், அது சரி. ஆனால் பவளம் வெளிறுகிறதா, மீனின் துடுப்பில் புள்ளி விழுந்திருக்கிறதா என்று நிதானமாகப் பார்க்க உதவுவதும் அதே படம்தான். நிறத்தை ஒவ்வொரு முறையும் கேமரா தானாக ஒரு மாதிரி முடிவு செய்தால், அந்தப் படத்தை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆட்டோ வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

முதலில் அந்த நீலத்தைப் பற்றி. பவளத் தொட்டிகளுக்கான எல்இடி விளக்குகளில் ஓங்கி நிற்பது 450 நானோமீட்டரை ஒட்டிய நீலம். 420 பக்கம் கொஞ்சம் ஊதாவும் சேர்த்திருப்பார்கள். பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிகள் உணவு தயாரிக்க இந்த ஒளி நன்றாகப் பயன்படுகிறது. அதோடு, பல பவளங்களில் இந்த நீலத்தை வாங்கிப் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ திருப்பி வெளியிடும் ஒளிர் புரதங்கள் இருக்கின்றன. ஒசாமு ஷிமோமுரா 1962ல் ஒரு ஜெல்லிமீனிலிருந்து பிரித்தெடுத்த பச்சை ஒளிர் புரதத்துக்காகத்தான் 2008ல் மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் ஆகியோருடன் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் புரதத்தின் உறவுக்காரப் புரதங்கள் பவள வகைகளிலும் இருப்பது 1999ல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. சாயங்காலம் நீல விளக்கு மட்டும் எரியும்போது ஸோவாந்தஸ் பச்சையும் ஆரஞ்சுமாகப் பளிச்சென்று தெரிவது இதனால்தான்.

நம் கண்ணுக்கு அப்படித் தெரிகிறது, கேமராவுக்கு ஏன் தெரிவதில்லை? பகல் வெளிச்சத்துக்குப் பழகிய கண் 555 நானோமீட்டர் பச்சையில்தான் மிகக் கூர்மை. 450ல் அதன் கூர்மை மிகவும் குறைவு. அதனால் தொட்டியில் நீலம் எவ்வளவு கொட்டினாலும் கண் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் பவளம் வெளியிடும் பச்சையைப் பிடித்துக்கொள்கிறது. கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் சென்சாருக்கு அந்தச் சலுகை கிடையாது. பெரும்பாலான கேமராக்களின் சென்சாரில் நான்கு புள்ளிகளை எடுத்தால் இரண்டு பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு, ஒன்று நீலத்துக்கு. நீல விளக்கின் கீழ் அந்த ஒற்றை நீலப் புள்ளி நிரம்பி வழியும், மற்ற மூன்றும் அரைப்பட்டினியாகக் கிடக்கும். நிரம்பி வழிந்த இடத்தில் நுணுக்கம் போய்விடும், பட்டினி கிடந்த இடத்தில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் வரும். பிறகு செயலியில் நீலத்தைக் குறைத்தால் வழிந்துபோன நுணுக்கம் திரும்பி வராது, இரைச்சல்தான் பெரிதாகும். "பிறகு சரிசெய்துகொள்ளலாம்" என்ற யோசனை இந்த இடத்தில்தான் அடிபடுகிறது.

இன்னொரு விஷயம், பலரும் கவனிக்காதது. படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று கேமரா காட்டும் வரைபடமான ஒட்டுமொத்த ஹிஸ்டோகிராமில் நீலத்துக்குத் தரும் மதிப்பு மிகக் குறைவு. அதனால் நீலம் முழுக்க வழிந்த பிறகும் அந்தக் கோடு "வெளிச்சம் அளவாகத்தான் இருக்கிறது" என்று காட்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாக ஹிஸ்டோகிராம் காட்டும் வசதி பல கேமராக்களின் மெனுவில் இருக்கிறது. அதைத் திறந்து, நீலக் கோடு வலது ஓரத்தில் முட்டாத வரை வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். படம் இருட்டாகத் தெரியும், பரவாயில்லை. ஜேபெக்கில் எடுக்காமல் ரா கோப்பாக, அதாவது சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, எடுத்தால் இருட்டிலிருந்து கணிசமாக மீட்டுவிடலாம்.

அப்புறம் வொயிட் பேலன்ஸ், அதாவது எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் அளவு. ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண்ணைக் கையால் வைக்கும் வசதி பல கேமராக்களில் ஏறக்குறைய 10,000 வரைதான் போகும். முழு நீலத்தில் எரியும் தொட்டிக்கு அது போதாது. லைட்ரூம் போன்ற மென்பொருளில் 50,000 வரை நகர்த்தலாம், ஆனால் ரா கோப்பு இருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். கேமராவிலேயே சரியாக வர வேண்டுமானால் கஸ்டம் வொயிட் பேலன்ஸ் இருக்கிறது. ஒரு வெள்ளை பிளாஸ்டிக் துண்டை நன்றாகக் கழுவி, படம் எடுக்கப்போகும் பவளத்தின் பக்கத்தில், அதே ஆழத்தில், விளக்கைப் பார்த்தபடி கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அது படச்சட்டம் முழுக்க நிறையும்படி ஒரு படம் எடுத்து, அதையே வெள்ளைக்கு அளவாக வைத்துக்கொள்ளும்படி கேமராவுக்குச் சொல்ல வேண்டும். தொட்டியின் மணலை வெள்ளை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதன்மேல் பழுப்புப் பாசி படிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நிறம் சாயும்.

வெறும் நீலம் எரியும்போது சில கேமராக்கள் இந்த அளவையே ஏற்றுக்கொள்ளாது. அப்போது விளக்கின் வெள்ளை வரிசையைக் கொஞ்ச நேரம் ஏற்றிவிடுவதுதான் வழி. படம் எடுக்கும் சில நிமிடங்களுக்கு வெள்ளை கூடியிருப்பதால் பவளத்துக்கு ஒன்றும் ஆகாது. மீன்கள் மட்டும் சற்று மிரளும், அவை பழையபடி வெளியே வரும் வரை காத்திருங்கள். எனக்குத் தெரிந்தவர்களில் சிலர் லென்ஸின் முன்னால் மஞ்சள் அல்லது ஆரஞ்சு ஃபில்டர் வைத்து எடுக்கிறார்கள். பவளத்தின் ஒளிர்வைக் காட்ட அதைவிடச் சிறந்த வழி இல்லை, நீலம் வடிகட்டப்பட்டு ஒளிர்வு மட்டும் உள்ளே வரும். ஆனால் ஒளிராத உடம்புள்ளவை எல்லாம் அந்தப் படத்தில் மங்கிப் பழுப்பாகிவிடும். கோமாளி மீனின் வெள்ளைப் பட்டை மஞ்சளாகத் தெரியும். அதனால் ஒளிர்வுக்கு ஃபில்டர், மீனுக்கும் பவளத்தின் உடல்நிலைக்கும் வெள்ளை கலந்த வெளிச்சம் என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன். இரண்டையும் கலந்து ஒரே தொகுப்பில் போடுவதில்லை.

அண்ணன் மகள் ஒரு நாள் தன் போனை நீட்டி, "அத்தை, விளக்கு கெட்டுப்போச்சா? படம் முழுக்கக் கறுப்புக் கறுப்பாப் பட்டை ஓடுது" என்றாள். விளக்கு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. எல்இடி விளக்குகளில் வெளிச்சத்தைக் குறைக்கும்போது பல விளக்குகள் உண்மையில் மங்குவதில்லை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எரிந்து எரிந்து அணைகின்றன. போனின் சென்சாரோ முழுப் படத்தையும் ஒரே கணத்தில் வாங்காமல் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக வாங்குகிறது. விளக்கு அணைந்த கணத்தில் வாங்கிய வரிசைகள் கறுப்புப் பட்டையாகின்றன. அவள் போனில் அளவுகளைக் கையால் மாற்றும் ப்ரோ மோடைத் திறந்து, ஒளி உள்ளே வரும் நேரமான ஷட்டரை 1/1000லிருந்து 1/100க்கு இறக்கினோம், பட்டைகள் மங்கின. பிறகு விளக்கில் பாதிக்குக் கீழே வைத்திருந்த வெள்ளை வரிசையை முழுக்க ஏற்றினோம், அவை மறைந்தே போயின. பெரிய கேமரா வைத்திருப்பவர்கள் எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறினால் பட்டைத் தொல்லை பெருமளவு குறையும்.

ஷட்டர், அபெர்ச்சர் (லென்ஸின் துளை அளவு), ஐஎஸ்ஓ (சென்சார் பிடித்த வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) மூன்றையும் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டுத் தொட்டியின் முன் உட்கார்ந்ததும் எதை முதலில் தொடுவது என்று தெரியாமல் விழிப்பவர்கள் நிறையப் பேர். எனக்கு இதில் ஒரு திட்டமான கருத்து உண்டு: முதலில் ஷட்டர், பிறகு அபெர்ச்சர், கடைசியில் ஐஎஸ்ஓ. ஷட்டரை முடிவு செய்வது மீன். குழி வாசலில் அசையாமல் உட்காரும் கோபிக்கு 1/60 போதும். கோமாளி மீன் ஓரிடத்தில் இருப்பது போலத் தெரியும், ஆனால் உடம்பு முழுக்க நெளிந்துகொண்டே இருக்கும், 1/125க்குக் கீழே இறங்கினால் படத்தில் மீனின் கண் மங்கிவிடும், 1/200 வைத்தால் நிம்மதி. குரோமிஸ், டாங் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும் மீன்களுக்கு 1/250லிருந்து 1/500 வரை தேவைப்படும். பவளத்துக்கு நீரோட்டத்தை நிறுத்திவிட்டு ட்ரைபாடில் வைத்தால் 1/30 கூடப் போதும்.

அபெர்ச்சரை முடிவு செய்வது நாம் எவ்வளவு நெருங்குகிறோம் என்பது. மீன் முழுதாகத் தெரியும் தூரத்தில் எஃப் 4, எஃப் 5.6 (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்) நன்றாக இருக்கும், பின்னாலிருக்கும் பாறையும் குழாயும் மங்கி ஒதுங்கிவிடும். மிக நெருங்கி எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸில் பவளத்தின் ஒரே ஒரு பாலிப்பை, அதாவது வாயும் கைகளும் உள்ள ஒற்றை உயிரை, அதன் நிஜ அளவுக்கு எடுக்கும்போது கதை வேறு. முழுச்சட்ட சென்சாரில் எஃப் 8 வைத்தாலும் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். பாலிப்பின் வாய் தெளிவாக இருந்தால் கைகளின் நுனி மங்கும். அதற்காக எஃப் 22க்கு ஓடாதீர்கள். துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி விலகிப் பரவி, மொத்தப் படமும் லேசாகக் குழையும். எஃப் 8, எஃப் 11 அளவோடு நிறுத்திக்கொண்டு, எது தெளிவாக இருக்க வேண்டும் என்று நாமே முடிவு செய்வது நல்லது.

இந்த இரண்டும் முடிந்த பிறகு மிச்சம் தேவைப்படும் வெளிச்சத்தை ஐஎஸ்ஓவில் ஏற்றிக்கொள்ளலாம். 1600, 3200 என்றால் பயப்பட வேண்டாம். இரைச்சலை மென்பொருளில் தணிக்க முடியும், ஆடிப்போன மீனை எதனாலும் நிறுத்த முடியாது. என் தொட்டியில் கோமாளி மீனுக்கு வெள்ளை கலந்த வெளிச்சத்தில் 1/160, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 1600 என்றுதான் ஆரம்பிப்பேன். மற்றவர்களின் விளக்கு வேறு, தூரம் வேறு என்பதால் இந்த எண்கள் அப்படியே பொருந்தாது, தொடங்குவதற்கு ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோமாளி மீனில் கவனிக்க வேண்டியது அந்த வெள்ளைப் பட்டை. பின்னால் இருட்டு இருப்பதால் ஆட்டோ மொத்தப் படத்தையும் வெளுக்க வைத்துவிடும், பட்டையில் செதில் எதுவும் தெரியாமல் சுண்ணாம்பு பூசினாற்போல ஆகிவிடும். பட்டையின் வெளிச்சத்துக்கு அளவெடுங்கள், பின்புலம் கறுத்தால் கறுக்கட்டும்.

ஃபோகஸுக்கு ஒரு வார்த்தை. எல்லாப் புள்ளிகளையும் கேமராவிடம் விட்டால் கண்ணாடியில் இருக்கும் கீறலையோ பாசிப் பொட்டையோ பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு புள்ளியை மீனின் கண்ணில் வையுங்கள். மீனைத் துரத்துவதைவிட, அது திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடத்தில் ஃபோகஸை வைத்துக் காத்திருப்பது பலன் தரும். கோமாளி மீனுக்கு அனிமோனின் விளிம்பு, துப்புரவு இறாலுக்கு அது சுத்தம் செய்ய மீன்களை வரவேற்கும் பாறை முனை.

எந்தக் கேமராவாக இருந்தாலும் படத்தை அதிகம் கெடுப்பது நாம் நிற்கும் கோணம். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, கண்ணாடிக்கு ஏறக்குறைய 1.5. சாய்வாகப் பார்த்தால் ஒவ்வொரு நிறமும் ஒவ்வோர் அளவில் வளைந்து, மீனின் விளிம்பில் ஒருபுறம் நீலமும் மறுபுறம் சிவப்பும் கசியும், உருவம் இழுபடும். விலை உயர்ந்த லென்ஸும் இதைச் சரிசெய்யாது. கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக நின்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. செங்குத்தாக இருக்கிறோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? லென்ஸின் பிரதிபலிப்பைக் கண்ணாடியில் தேடுங்கள். அறையில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போது திரையில் பார்த்தால் உங்கள் லென்ஸின் வட்டம் கண்ணாடியில் மங்கலாகத் தெரியும். அது சட்டத்தின் நடுவில் வந்து உட்கார்ந்தால் நீங்கள் நேராக இருக்கிறீர்கள். ஓரத்துக்கு நகர்ந்திருந்தால் சாய்ந்திருக்கிறீர்கள். ட்ரைபாடை அந்த இடத்தில் பூட்டிவிட்டு அறை விளக்கை அணைத்தால் பிரதிபலிப்பும் போய்விடும். லென்ஸின் முன்னால் மாட்டும் ரப்பர் ஹூட் இருந்தால் அதைக் கண்ணாடியோடு ஒட்டி வைக்கலாம். இல்லாவிட்டால் லென்ஸைச் சுற்றி ஒரு கறுப்புத் துணி போதும். டிவியை அணைத்துவிடுங்கள், வெளிர் நிறச் சட்டை போடாதீர்கள்.

வளைந்த முகப்புள்ள தொட்டிகளில் நடுப்பகுதி மட்டும்தான் ஓரளவு தேறும்.

கண்ணாடியின் உட்புறத்தைக் காந்தச் சுரண்டியால் முந்தின நாளே துடைத்துவிட வேண்டும். அன்றே துடைத்தால் பாசித் துகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும், ஒவ்வொன்றும் வெளிச்சத்தைப் பிடித்துப் புள்ளியாகத் தெரியும். வெளிப்புறத்தில் காய்ந்திருக்கும் உப்பை ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த மென்துணியால் ஒரு முறை ஒற்றினால் போதும். தொட்டியின் பக்கத்தில் அம்மோனியா கலந்த கண்ணாடித் தெளிப்பான் வேண்டவே வேண்டாம். தீனி போடுவதற்கு முன்பு எடுங்கள், போட்ட பிறகு தண்ணீர் கலங்கலாக இருக்கும்.

நீரோட்டத்தை நிறுத்தினால்தான் பவளத்தின் கைகள் அசையாமல் நிற்கும், மிதக்கும் துகளும் அடங்கும். தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரை மட்டும் நிறுத்துவதில் சிக்கல் இல்லை. கீழே இருக்கும் துணைத் தொட்டியான சம்பிலிருந்து தண்ணீர் ஏற்றும் பம்பையும் நிறுத்துகிறீர்கள் என்றால் தொட்டியின் மேல்மட்டத் தண்ணீர் கொஞ்சம் சம்புக்கு இறங்கும். அதற்கு அங்கே இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரையும் சேர்த்தே நிறுத்துங்கள், சம்பில் மட்டம் ஏறும்போது அது ஓடிக்கொண்டிருந்தால் கோப்பை நிரம்பிக் கழிவு வழியும். பம்பை நிறுத்திய உடனே போனில் அலாரம் வைப்பது என் வழக்கம். படம் எடுக்கும் ஆர்வத்தில் நேரம் போவது தெரியாது, ஓட்டமில்லாத தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்துகொண்டே போகும். பத்து நிமிடம் தாராளமாகப் போதும். ஓட்டம் நின்ற இந்த நேரத்தில் மேலிருந்தும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நீர்ப்பரப்பு அசையாமல் இருந்தால் நேர் மேலே கேமராவைப் பிடித்து எடுக்கும் படத்தில் பவளத்தின் நிறமும் வட்டமும் முன்பக்கத்திலிருந்து எடுப்பதைவிட நன்றாகத் தெரியும். கேமரா வார் கழுத்தில் இருக்கட்டும், கீழே இருப்பது உப்புத் தண்ணீர்.

சரி, ஃபிளாஷ். கேமராவின் மேலேயே இருக்கும் ஃபிளாஷை நேராகப் போட்டால் கண்ணாடியில் பட்டு அப்படியே திரும்பி லென்ஸுக்குள் வரும், படத்தின் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு. தனி ஃபிளாஷ் இருந்து அதைத் தொட்டியின் மேலே, தண்ணீர் தெறிக்காத உயரத்தில் வைத்துக் கீழ்நோக்கி அடித்தால் மீனின் நிறம் அருமையாக வரும். வேகமான மீன்களுக்கு நானே அதைப் பரிந்துரைப்பேன். ஆனால் அது பகல்வெள்ளை ஒளி. அதன் முன்னால் பவளத்தின் ஒளிர்வு எடுபடாது. "ஃபிளாஷ் போடுங்கள்" என்று மொட்டையாகச் சொல்லியிருப்பதை அப்படியே பின்பற்றும் வாசகருக்கு மிஞ்சப்போவது வெள்ளைத் திட்டும் சாம்பல் நிறப் பவளமும்தான். வேகமாக நீந்தும் மீனை எடுக்கிறாரா, ஒளிரும் பவளத்தை எடுக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லியிருக்கலாம்.

போன் மட்டும் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். ப்ரோ மோடில் ஷட்டர், ஐஎஸ்ஓ, வொயிட் பேலன்ஸ் மூன்றும் கைக்குக் கிடைக்கின்றன, பல போன்களில் ரா கோப்பும் கிடைக்கிறது. நைட் மோடையும் எச்டிஆரையும் அணைத்துவிடுங்கள். இரண்டும் பல படங்களை ஒன்றாக அடுக்குவதால் நகரும் மீனுக்கு இரண்டு வால் முளைக்கும். நெருங்கும்போது போன் தானாக வேறு லென்ஸுக்குத் தாவுவதையும் நிறுத்தி வைத்து, முதன்மை லென்ஸிலேயே எடுங்கள். போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் கை நடுக்கம், பிரதிபலிப்பு, கோணம் மூன்றும் ஒரே நேரத்தில் சரியாகிவிடும். இந்த ஒரு விஷயத்தில் போன் பெரிய கேமராவைவிட வசதி.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். எனக்கு இது முக்கியம் என்பதற்கு ஹேமர் பவளத்தை உதாரணம் சொல்கிறேன். அதன் சதை எலும்புக்கூட்டின் விளிம்பிலிருந்து மெல்ல மேலே ஏறத் தொடங்கினால் அது நலமாக இல்லை என்று அர்த்தம். அந்த ஏற்றம் தினமும் பார்க்கும் கண்ணுக்குப் பிடிபடாது. ஒரே இடத்தில் ட்ரைபாட், விளக்கின் ஒரே நேரம், ஒரே வொயிட் பேலன்ஸ், ஒரே அளவுகள் என்று வாராவாரம் எடுத்த படங்களை வரிசையாகத் திறந்தால், சதைக்குக் கீழே வெள்ளை எலும்பு ஒரு கோடாக அகலமாவது தெரிந்துவிடும். நிறமும் அப்படித்தான். பவளம் பழுப்பேறினால் உள்ளே நுண்பாசி கூடியிருக்கிறது, வெளிறினால் குறைந்திருக்கிறது. ஆட்டோவில் எடுத்த படத்தில் அந்தப் பழுப்பு பவளத்தினுடையதா, கேமராவினுடையதா என்று யாரால் சொல்ல முடியும்? படத்தின் கோப்புப் பெயரோடு அன்றைய உப்படர்த்தியையும் வெப்பநிலையையும் நான் எழுதி வைக்கிறேன். பிறகு தேடும்போது அந்த இரண்டு எண்கள் பெரிய உதவி.

மீன்களுக்கு இது இன்னும் அவசரமான விஷயம். கடல்மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோயில் துடுப்பிலும் உடம்பிலும் உப்புக்கல் அளவில் புள்ளிகள் தெரியும். சில நாட்களில் அவை மறையும். மீன் குணமாகிவிட்டது என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி, மணலிலும் பாறையிலும் பெருகி, மறுபடி ஏறப்போகிறது. வெல்வெட் நோயில் புள்ளிகள் இன்னும் பொடி, தூசு படிந்த மாதிரி இருக்கும், மூச்சு வேகமாக இருக்கும், அது பரவும் வேகமும் அதிகம். இவற்றுக்கும், உடம்பில் ஒட்டிய மணல் துகளுக்கும், சின்னக் காற்றுக் குமிழிக்கும் உள்ள வித்தியாசத்தை மங்கலான நீலப் படத்தில் யாராலும் சொல்ல முடியாது. அனுபவமுள்ளவர்களிடம் படத்தைக் காட்டி யோசனை கேட்பவர்கள் தெளிவான, நிறம் சரியான படத்தைக் காட்டினால்தான் சரியான யோசனை கிடைக்கும். தேதி போட்ட இரண்டு மூன்று படங்கள் இருந்தால் புள்ளி வந்து, மறைந்து, திரும்பி வந்த கதையும் அதில் இருக்கும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இணைப்பில் தொட்டிப் படங்கள், பவளப் படங்கள் அவ்வப்போது வருகின்றன, ஆசையோடு பார்ப்பவள் நான். படத்தின் கீழே எடுத்தவர் பெயரோடு, எந்த விளக்கில் எடுத்தது, ஷட்டர், அபெர்ச்சர், ஐஎஸ்ஓ என்ன, ஃபில்டர் உண்டா, நிறத்தைப் பிறகு கூட்டியிருக்கிறார்களா என்று ஒரே ஒரு வரி சேர்க்க முடியுமா? கற்றுக்கொள்பவர்களுக்கு அந்த வரி படத்துக்குச் சமமான பயன் தரும். அதோடு, அச்சில் தகதகக்கும் பவளத்தைப் பார்த்துவிட்டுத் தன் தொட்டியில் இருப்பது நோயாளி என்று நினைத்து, நன்றாக வளரும் பவளத்தை இடம் மாற்றி மாற்றி வாட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது ஃபில்டர் போட்டு, நிறம் ஏற்றிய படம் என்று தெரிந்தால் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: உங்கள் தொட்டியில் உட்கார்ந்தே இருக்கும் மீன் ஏதாவது இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். வெள்ளை விளக்கை ஏற்றுங்கள், அறை விளக்கை அணையுங்கள், கண்ணாடிக்கு நேராக உட்காருங்கள். மேனுவல் மோடில் 1/100, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800 வைத்து ஒரு படம். இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவை மட்டும் ஏற்றி இன்னொன்று. மற்ற இரண்டையும் அன்றைக்குத் தொட வேண்டாம். அந்த மீன் சரியாக வந்த பிறகு ஓடும் மீனுக்குப் போகலாம், நீல விளக்கைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கடல்நீர்த் தொட்டி வளர்க்கும் உங்கள் வாசகி